மதாம் சேர்த்துவைத்த சார்ஜ்

போனில் அந்த அதிதீவிர பேட்டரி சேமிப்பு என்கிற வசதியைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஐயா, உங்களுக்கு அம்மா இருக்கிறார்களா? அவர்கள் கையில் இந்த வசதியைக் கொடுத்துவிட்டு, கடல் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

எனக்கு அந்த அனுபவம் உண்டு. கூப்பிட்டவன் வேறொருவன். மாடிப்படி ஏறி இறங்கி முட்டி தேய்ந்தவள் நான்.

காரைக்காலில் நாங்கள் கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நாங்கள் என்றால் பெரும்பாலும் நான் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. மாடியில் வீட்டுச் சொந்தக்காரம்மா. தெருவில் எல்லாரும் அவரை பிரெஞ்சு வழக்கப்படி மதாம் என்றுதான் கூப்பிடுவார்கள். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் கீழே நின்று கத்துவதும் 'மதாம்!'தான், கோயில் ஃபாதர் விசாரிப்பதும் 'மதாம் எப்படி இருக்காங்க?'தான். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். மகனும் அப்பா வழியிலேயே சொல்தா ஆகிவிட்டான். இப்போது அவன் வேலையை விட்டுவிட்டு பிரான்சில் செட்டிலாகி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளோடு எங்கள் மாடியும் சேர்ந்துகொண்டது. நான் சொல்வது அவன் இன்னும் ராணுவத்தில் இருந்த காலத்துக் கதை.

அவன்தான் லீவில் வந்தபோது அந்தப் போனை வாங்கிவந்தான். உள்ளே எல்லாம் பிரெஞ்சு எழுத்து. எனக்கு அதில் ஓர் எழுத்து புரியாது. மதாமுக்குப் புரியும், ஆனால் படிக்க மாட்டார். கண்ணாடியைத் தேட வேண்டும், அது பெரிய வேலை. வாங்கிக் கொடுத்த இரண்டாம் நாளே அந்த பேட்டரி சேமிப்பை எங்கிருந்தோ கண்டுபிடித்துப் போட்டுவிட்டார். அதைப் போட்டால் வண்ணமெல்லாம் போய்த் திரை கறுப்பாகிவிடும். நாலைந்து படம் மட்டும் நிற்கும். சாதாரணமாகப் போன் வந்தால் பேசலாம், மணி பார்க்கலாம். அவ்வளவுதான். வாட்ஸாப் சுத்தமாகத் தூங்கிவிடும். பேட்டரி மட்டும் நாள் கணக்கில் நிற்கும். ஆபத்து அவசரத்துக்காகச் செய்த ஏற்பாடு அது. மதாம் அதை வருஷம் பூராவும் போட்டு வைத்திருந்தார்.

மகன் கூப்பிடுவதோ வாட்ஸாப்பில்தான். எங்கள் ஊரில் வெளிநாட்டுப் பிள்ளைகள் வேறு எதில் கூப்பிடுகிறார்கள்? மணியே அடிக்காது. உடனே அவன் என்னைக் கூப்பிடுவான். அடுப்பில் தோசை வேகிற நேரமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவான்.

"அக்கா, அம்மா மறுபடியும் இருட்டுக்குள்ள போயிட்டாங்க. கொஞ்சம் மேல போயி பாக்குறீங்களா?"

அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். மதாம் ஜம்மென்று நாற்காலியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருப்பார். போன் பக்கத்தில் கறுப்பாக, நிறைய சார்ஜோடு, யாருக்கும் உபயோகமில்லாமல் கிடக்கும்.

"மதாம், தம்பி எவ்ளோ நேரமா அடிச்சுக்கிட்டு இருக்கான் தெரியுமா?"

"அடிக்கலயே புள்ள. நான் இஞ்சதான உக்காந்திருக்கேன்."

"அந்தக் கறுப்பப் போட்டா அடிக்காதுன்னு நேத்துதான சொன்னேன்!"

"சார்ஜ் இருக்கட்டும் புள்ள. வேணுங்கறப்ப வேணும்ல?"

வேணுங்கறப்ப வேணும்ல. இந்த இரண்டு சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு என் காதே புளித்துப்போயிற்று. நான் போனை வாங்கி, மூன்று புள்ளியை அமுக்கி, வருகிற பிரெஞ்சில் இரண்டாவது வரியை அமுக்கி, மறுபடி ஒரு பெட்டி வந்தால் அதில் வலது பக்கத்தை அமுக்கி, வண்ணத்தைக் கொண்டுவந்து கையில் கொடுப்பேன். மகன் பேசுவான். நான் கீழே போய்க் கருகின தோசையைச் சுரண்டுவேன். மறுநாள் பார்த்தால் போன் மறுபடி கறுப்பு. அதைப் போடுவதற்கு மட்டும் அவருக்கு அத்துப்படி. எடுப்பதற்கு? "அது எனக்கு எதுக்கு புள்ள? அதுக்குத்தான் நீ இருக்கியே" என்பார். தலையில் அடித்துக்கொண்டு இறங்குவேன்.

அவரைக் கஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுப்பதில் மகராசி. கிறிஸ்துமஸுக்குத் தெருவுக்கே கேக் போகும். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு இறங்கிவிடுவார். அவர் பிரச்சினையே வேறு. கையில் இருப்பதை இப்போது உபயோகித்துவிட்டால், நிஜமாகத் தேவைப்படும்போது இல்லாமல் போய்விடுமே என்கிற பயம். அந்த நிஜமான தேவை எப்போது வரும், எந்த உருவத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரைக்கும் எதையும் தொடக்கூடாது.

ஒரு நாள் கரண்ட் போனபோது படியில் தடாலென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் மதாம் மூன்றாவது படியில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வலது கையில் டார்ச்சு. நல்ல பெரிய டார்ச்சு, புது பேட்டரி போட்டது. அணைத்து வைத்திருந்தார்.

"கையில டார்ச்சு இருக்குல்ல மதாம், போட்டுக்கிட்டு எறங்கக் கூடாதா?"

"தெரிஞ்ச படிதான புள்ள, இதுக்குப் போயி டார்ச்ச எரிக்கணுமா?"

தெரிந்த படிதான். கால்தான் வாழைத்தண்டு மாதிரி வீங்கிவிட்டது. சுளுக்கு எடுக்க ஆட்டோவில் கூட்டிப்போனதும் நான்தான்.

இன்னொரு நாள் மார்க்கெட்டிலிருந்து தெப்பமாக நனைந்து வந்து நின்றார். கூடையில் மீனுக்குப் பக்கத்தில் குடை, மடித்தது மடித்தபடி. "தூறல்தான போட்டுச்சு. பெருசா வந்தா விரிக்கலாம்னு பாத்தேன்" என்றார். பெரிதாகத்தான் வந்தது. அதற்குள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாராம், இனி எதற்கு என்று விட்டுவிட்டாராம். நான் துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். பேசினால் அந்த இரண்டு சொல் வரும்.

இன்வெர்ட்டர் கதையைக் கேட்டால் நீங்களே எழுந்து போய்விடுவீர்கள். அம்மா இருட்டில் விழுந்தாளே என்று மகன் காசு அனுப்பி இன்வெர்ட்டர் வைத்தான். கரண்ட் போனால் விளக்கு தானாக எரிய வேண்டும் அல்லவா? மதாம் ஸ்விட்சை அணைத்து வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் கரண்ட் போவதெல்லாம் ஒரு கட்டா, பெரிய கட்டு வரட்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு மழைக்காலம் நிஜமாகவே பெரிய கட்டு வந்தது. மதாம் எழுந்து, ஏதோ திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற மாதிரி, ஸ்விட்சைப் போட்டார். விளக்கு எரியவில்லை. ஓட்டாமலே வைத்திருந்ததில் பேட்டரி உள்ளுக்குள்ளேயே வீணாகிப் போயிருந்தது. இதற்குப் பிறகாவது புத்தி வரும் என்று நினைத்தேன். "பாத்தியா புள்ள, இன்வெர்ட்டர நம்பவே கூடாது" என்றார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர் ஒரு தடவை ஜெயித்திருக்கிறார். அந்த ஒரு தடவையைத்தான் எங்கள் தலையில் ஆயுசுக்கும் கட்டிவிட்டார்.

நாங்கள் குடிவந்த புதிதில் அடித்த புயலில் தெரு முழுக்க மரம் சாய்ந்து, கம்பம் சாய்ந்து, நாள் கணக்கில் கரண்ட் இல்லை. முதல் நாள் எல்லாரும் விழுந்த மரத்தைப் படமெடுத்து அனுப்பினோம். மறுநாள் சாயங்காலம் ஒவ்வொரு போனாக உயிரை விட்டது. அதற்கப்புறம் எப்போதாவது கொஞ்ச நேரம் சிக்னல் வரும்போது உயிரோடிருந்தது ஒரே ஒரு போன்தான். மதாமின் பழைய பட்டன் போன். அவர் அதை அணைத்து அணைத்து வைத்துக் காப்பாற்றியிருந்தார். தெருவே மாடிப்படியில் வரிசை கட்டிற்று. துபாய்க்கு ஒருத்தி, மலேசியாவுக்கு ஒருத்தர், பிரான்சுக்கு நாலு பேர். நானும் அந்த வரிசையில் நின்று சிங்கப்பூருக்குப் பேசி, "நான் நல்லாருக்கேங்க, வீடு நல்லாருக்கு" என்று அழுதேன். மதாம் மொட்டை மாடிக் கதவில் நின்று ஒவ்வொருவரையும் "சுருக்கா பேசு, சுருக்கா பேசு" என்று விரட்டினார். யாரிடமும் இல்லை என்று சொல்லவில்லை.

அதற்கப்புறம் நான் எப்போது சண்டைக்குப் போனாலும் ஒரே பதில்தான்.

"அன்னைக்கு நீ யாரு போன்ல பேசின புள்ள?"

என்னை வாயடைக்க வைத்தவர்கள் இந்த உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எனக்குத் திருநள்ளாற்றில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் வேலை. மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டலாம். சனிக்கிழமை என்றால் மூச்சுவிட முடியாது. சனீஸ்வரனைக் கும்பிட எங்கெங்கோ இருந்து வந்து, குளத்தில் முழுகி, சொட்டச் சொட்ட வந்து சாவி கேட்பார்கள். அந்த நாளில் எனக்கு லீவு என்பது கனவிலும் கிடையாது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகன் என்னைக் கூப்பிட்டான். அப்போது அவனை ஆப்பிரிக்கா பக்கம் ஏதோ பாலைவனத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எந்த இடம் என்று சொல்லக்கூடாதாம். குரல் எப்போதும் போல இல்லை.

"அக்கா, நாளைக்கு மதியம் இங்கேருந்து உள்ள போறோம். அங்க வைஃபை கெடையாது, போன் கெடையாது. எத்தன நாளுன்னு தெரியாது. இப்ப ட்யூட்டி, பேச முடியல. நாளைக்கு கௌம்புறதுக்கு முன்னாடி கூப்புடுறேன். அம்மா மூஞ்ச ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்க்கா. அதுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிக் குடுங்க."

உள்ளே என்றால் எந்த உள்ளே என்று நான் கேட்கவில்லை. மாடிக்குப் போனேன். போன் கறுப்பு. எடுத்து வண்ணமாக்கினேன்.

"மதாம், நாளைக்கு மட்டும் இதத் தொடாதீங்க. தம்பி எங்கேயோ தூரமாப் போறான். ஒங்களப் பாக்கணுங்கறான். மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"இதுக்கெல்லாம் மாதாவ இழுக்காத, பாவம். தொட மாட்டேன் புள்ள. எம் புள்ளயப் பாக்க எனக்கு மட்டும் ஆச இல்லையா?"

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன்பும் ஏறிப்போய்ப் பார்த்தேன். வண்ணமாகத்தான் இருந்தது. மதாம் நல்ல புடவை கட்டி, தலைவாரி, போனை எதிரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனசு நிறைந்துதான் கிளம்பினேன்.

நான் போன பின்னால், பராமரிப்பு என்று எங்கள் தெருவில் கரண்டை நிறுத்திவிட்டார்கள். அது எனக்குத் தெரியாது.

மதியம் மேஜைக்கு முன்னால் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. ஈர வேட்டியோடு ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று சத்தம் போடுகிறார். என் போன் அடிக்கிறது. மகன்.

"அக்கா, ரிங்கே போவல. லாரியில சாமான் ஏத்திக்கிட்டு இருக்காங்க. அது கௌம்புற வரைக்கும்தான் எனக்கு நேரம்."

"நீ கூப்புட்டுக்கிட்டே இரு தம்பி, நான் பாத்துக்குறேன்" என்று வைத்துவிட்டு, மதாமைச் சாதாரண லைனில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அலோ? என்னா புள்ள, ஏதும் அவசரமா?"

"மதாம், அத மறுபடியும் போட்டீங்களா?"

"எத?"

"எதயா? கறுப்ப!"

"கரண்டு போயிடுச்சு புள்ள. நீ கலரப் போட்டுட்டுப் போயிட்ட, அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டே இருக்கு. ராத்திரில சார்ஜ் போட்டா வெடிச்சுடும்னு நான் போடல. கால்வாசிகூட இல்ல. தம்பி கூப்புடுறப்ப சார்ஜ் வேணாமா? அதான் போட்டு வெச்சேன்."

மகன் கூப்பிடும்போது வேண்டும் என்று, மகன் கூப்பிடவே முடியாதபடி பண்ணி வைத்துவிட்டு, நல்ல புடவையோடு காத்திருக்கிறார்! இந்த மனுஷியை என்ன செய்வது?

"அதப் போட்டா தம்பி கூப்புட முடியாது மதாம்! எத்தன தடவ சொல்றது?"

"அதெப்புடி? நீ கூப்புட்டா வருதே?"

"நான் லைன்ல கூப்புடுறேன். அவன் வாட்ஸாப்ல கூப்புடுறான்!"

"ரெண்டும் இந்த ஒரே போனுக்குள்ளதான வருது?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "மதாம், நான் சொல்றத மட்டும் செய்யுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. போட்டாச்சா? இப்ப கீழ நடுவுல இருக்குற வட்டத்த அமுக்குங்க."

"அமுக்குனா நீ கட்டாயிட மாட்டியா?"

"ஆவ மாட்டேன்."

"ஆயிட்டன்னா?"

"ஆயிட்டா திரும்பக் கூப்புடுறேன் மதாம்! அமுக்குங்க!"

"அமுக்கிட்டேன். எல்லாம் கறுப்பாத்தான் இருக்கு."

"மேல வலது கை மூலையில மூணு புள்ளி இருக்கும் பாருங்க."

"இரு, கண்ணாடிய எடுத்துட்டு வர்றேன்."

செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. ஓர் அலமாரி திறக்கிறது. மூடுகிறது. இன்னொன்று திறக்கிறது. எங்கேயோ பாலைவனத்தில் லாரியில் பெட்டி ஏறிக்கொண்டிருக்கிறது, இங்கே காரைக்காலில் கண்ணாடி தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மேஜையைக் குத்தினேன். வெந்நீர் கேட்டவர் சத்தத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "என்னங்கம்மா ஆச்சு?" என்றார். இரண்டு வார்த்தையில் சொன்னேன். "அட கடவுளே, மேலிருந்து கீழ இழுக்கச் சொல்லுங்க, அதுல வரும்" என்றார் அவர். "என் பொண்ணு போன்ல ஓரத்து பட்டன அமுக்கினா வரும்" என்றார் ஓர் அம்மாள். சாவி கேட்டு வந்த கூட்டம் பூராவும் மதாமின் போனை ரிப்பேர் செய்யத் தொடங்கிவிட்டது.

"ம், கண்ணாடி போட்டாச்சு. மூணு புள்ளி இருக்கு."

"அமுக்குங்க. ரெண்டாவது வரி என்ன எழுதியிருக்கு?"

"தெசாக்திவே. நிறுத்துன்னு அர்த்தம்."

"அதான்! அதேதான்! அமுக்குங்க."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அமுக்கிட்டீங்களா?"

"ஒரு பொட்டி வந்திருக்கு புள்ள. இப்புடியே விட்டா இன்னும் ரெண்டு நாளு வருமாம். எடுத்துட்டா செத்த நேரத்துல தீந்துடுமாம்."

"தீரட்டும்! வலது பக்கம் அமுக்குங்க!"

"ரெண்டு நாளு எங்க, செத்த நேரம் எங்க? கரண்டு எப்ப வரும்னு தெரியல…"

"மதாம்!" நான் கத்திய கத்தலில் சமையல்காரர் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தார். "ஒங்க புள்ள ஒங்க மூஞ்சப் பாத்துட்டுப் போவணும்னு நிக்கிறான்! இப்பயும் சார்ஜ எண்ணிக்கிட்டு இருப்பீங்களா?"

அப்புறம் அவர் பேசியது மிக மெதுவாக இருந்தது. நான் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"ஒனக்குத் தெரியாது புள்ள. அவங்கப்பா அங்க பட்டாளத்துல கண்ண மூடுனப்ப இஞ்ச நல்ல மழ. எங்க வூட்டு லைன் போனு செத்துக் கெடந்துச்சு. அங்கேருந்து அடிச்சு அடிச்சுப் பாத்திருக்காங்க. சேதி எனக்கு வந்து சேந்தப்ப அவரப் பொதச்சு முடிச்சுட்டாங்க. அவங்க அடிச்சுக்கிட்டு இருந்த அந்த நேரத்துல நான் இஞ்ச மீன் கொழம்பு வெச்சுத் தின்னுட்டு, பக்கத்து வூட்டுல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன் புள்ள. இவன் போற எடத்துலேருந்து ஒரு சேதி வந்து, மறுபடியும் எம் போனு செத்துக் கெடந்தா?"

இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"அவன் உசுரோட இருக்கான் மதாம்! உசுரோட இருந்து கூப்புட்டுக்கிட்டு இருக்கான்! செத்தா வர்ற சேதிக்கு சார்ஜ் வெச்சிருக்கீங்க, உசுரோட இருக்குறவன் பேசுறதுக்கு இல்லையா?"

பெற்றவளிடம் சொல்கிற வார்த்தையா அது? மதாம் போனை வைத்துவிட்டார்.

கோபித்துக்கொண்டு வைத்தாரா, அமுக்கிவிட்டு வைத்தாரா? மறுபடி அவரைக் கூப்பிடவும் பயம். மகன் நடுவில் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆவது? மகனை வாட்ஸாப்பில் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் வேறொரு அழைப்பில் இருக்கிறான் என்று காட்டியது.

"எடுத்துட்டாங்களா?" என்றார் ஈர வேட்டிக்காரர்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். "சனீஸ்வரா" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். வெந்நீரைப் பற்றி அதற்கப்புறம் கேட்கவேயில்லை.

சாயங்காலம் நான் பஸ்ஸிறங்கி வந்தபோது தெருவில் இன்னும் கரண்ட் வரவில்லை. மதாம் மாடிப்படியின் மேல் படியில், நல்ல புடவை கசங்கியபடி, மடியில் போனோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொன்ன வார்த்தைக்காகத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"முடிய ஒட்ட வெட்டியிருக்கான் புள்ள. காதெல்லாம் பெருசாத் தெரியுது, அவங்கப்பா மாதிரி."

"நல்லாப் பேசினீங்களா?"

"என்னத்தப் பேசறது? சாப்புட்டியான்னு கேட்டேன். நீ சாப்புட்டியான்னு கேட்டான். லாரி லேட்டாச்சாம். சும்மா பாத்துக்கிட்டேதான் இருந்தோம்." கொஞ்சம் நிறுத்தி, பரிசு வாங்கின குழந்தை மாதிரி என்னைப் பார்த்தார். "சார்ஜ் போவுது, வெச்சுடுன்னு நான் ஒரு தடவகூட சொல்லல புள்ள. செகப்பா காட்டிக்கிட்டே இருந்துச்சு. நான் சொல்லவே இல்ல. அதுவா அணஞ்சு போச்சு."

போன் நிஜமாகவே செத்துத்தான் கிடந்தது. எனக்குத் தெரிந்து முதல் தடவை. மதியத்திலிருந்து அந்தப் படியை விட்டு அவர் எழுந்திருக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் போனை எடுத்து அவர் கையில் வைத்தேன். "தம்பிகிட்ட என் நம்பரும் இருக்கு மதாம், எதுன்னாலும் இதுல வரும்" என்றேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது. அவர் உள்ளே போய்ப் போனைச் சார்ஜில் போட்டார். உயிர் வந்து வண்ணமெல்லாம் தெரியத் தொடங்கியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் கண்ணெதிரிலேயே, மேலிருந்து கீழே ஒரு இழு இழுத்து, ஓர் அமுக்கு அமுக்கி, திரையைக் கறுப்பாக்கினார்.

"மதாம்!" என்றேன்.

"அவன்தான் பேசிட்டானே புள்ள. இனிமே அவன் கூப்புட மாட்டான்ல." போனைத் துடைத்து மேஜைமேல் வைத்து, நாற்காலியை அதற்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அந்தச் சேதி வந்தா லைன்லதான வரும். வரக் கூடாதுன்னுதான் மாதாவக் கேக்குறேன். ஆனா வந்தா எடுக்கணும். இந்த தடவ நான் எடுக்கணும் புள்ள."

நான் அந்தப் போனைத் தொடவில்லை. கீழே இறங்கிப் போய் அவருக்கும் சேர்த்து உலை வைத்தேன்.